இந்த வேரியபிள் யாருக்குச் சொந்தம்? எம்பெடட் ரஸ்ட்: முதல் பாடம்

"எம்பெடடுக்கு சி போதாதா, எதுக்கு ரஸ்ட்?" நம்ம பசங்ககிட்ட ரஸ்ட்னு வாயெடுத்தா முதல்ல வர்ற கேள்வி இதுதான். நியாயமான கேள்விதான். சிலபஸ்ல சி இருக்கு, லேப்ல சி இருக்கு, பிளேஸ்மென்ட் டெஸ்ட்லயும் சிதான் கேக்குறாங்க. அதனால "ரஸ்ட் புதுசு, எல்லாரும் பேசுறாங்க" மாதிரி காரணங்களை இங்கே விட்டுடலாம். ஒரே ஒரு சின்ன புரோகிராமை எடுத்துக்குவோம். அதில் சி எதைச் சொல்லாமல் விடுகிறது, ரஸ்ட் எதைக் கேட்கிறது என்று பார்ப்போம். கத்துக்கலாமா வேண்டாமான்னு படிச்சு முடிச்சிட்டு நீங்களே முடிவு பண்ணுங்க.

சி-யில் பாயின்டர் வரைக்கும் தெரிந்திருந்தால் போதும். இன்டரப்ட் வந்தா பிராசஸர் செஞ்சுகிட்டிருக்கிற வேலையை அப்படியே விட்டுட்டு வேற ஃபங்ஷனுக்குப் போகும், முடிச்சிட்டுத் திரும்ப வரும். இது புரிஞ்சிருந்தாலே இந்தக் கட்டுரை புரியும்.

தண்ணீரை எண்ணும் புரோகிராம்

வாட்டர் ஃப்ளோ சென்சர் வெச்சு பண்ற மினி புராஜெக்ட் எல்லாருக்கும் தெரியும். குழாயில் தண்ணீர் ஓடினால் உள்ளே இருக்கும் சக்கரம் சுற்றும், சென்சர் பல்ஸ் கொடுக்கும். ஒவ்வொரு பல்ஸுக்கும் ஒரு இன்டரப்ட். இன்டரப்ட் ஃபங்ஷனுக்குள்ள ஒரே வரி:

எண்ணிக்கை = எண்ணிக்கை + 1

மெயின் லூப்பில் 10 நொடிக்கு ஒரு தடவை இந்த இரண்டு வரி:

மொத்தம் = மொத்தம் + எண்ணிக்கை
எண்ணிக்கை = 0

பார்த்தா எந்தத் தப்பும் தெரியாது. இதை ஆர்டுயினோ ஊனோவில் ஓட்டுறோம்னு வெச்சுக்குங்க. அதில் இருக்கும் ஏடிமெகா328பி ஒரு 8 பிட் சிப். ஆனா அதில் இன்ட் என்பது 16 பிட். அதாவது, 'எண்ணிக்கை'யைப் படிக்க சிப்புக்கு இரண்டு இன்ஸ்ட்ரக்ஷன் வேணும். முதல்ல கீழ் பைட், அப்புறம் மேல் பைட்.

இப்போ எண்ணிக்கை 255. கீழ் பைட்டில் 255, மேல் பைட்டில் 0. மெயின் லூப் கீழ் பைட்டைப் படிச்சிடுச்சு: 255. அந்த நொடியில் ஒரு பல்ஸ் வருது. இன்டரப்ட் எண்ணிக்கையை 256 ஆக்குது. இப்போ கீழ் பைட் 0, மேல் பைட் 1. மெயின் லூப் திரும்ப வந்து மேல் பைட்டைப் படிக்குது: 1. கையில் இருப்பது என்ன? மேலே 1, கீழே 255. அதாவது 511. எண்ணிக்கை 255-ஆகவும் இருந்தது, 256-ஆகவும் இருந்தது. 511-ஆக ஒருபோதும் இருந்ததே இல்லை.

இரண்டாவது சிக்கல் இதைவிட எளிமையானது. மொத்தத்தில் கூட்டுற வரிக்கும் பூஜ்யம் போடுற வரிக்கும் நடுவுல பல்ஸ் வந்தா, அது எந்தக் கணக்கிலும் சேராது. காணாமப் போயிடும்.

'வாலடைல் போட்டா சரியாயிடும்' என்று நிறைய பேர் நினைக்கிறாங்க. ஆகாது. வாலடைல் கம்பைலருக்குச் சொல்வது ஒன்றுதான்: "இந்த வேரியபிளை ரெஜிஸ்டர்ல பதுக்கி வெச்சுக்காதே, ஒவ்வொரு தடவையும் மெமரிக்குப் போய்ப் பாரு". போய்ப் பார்க்கும்போது நடுவில் யாரும் குறுக்கே வரக்கூடாது என்று அது சொல்லவில்லை. சரியான தீர்வு, படிச்சுப் பூஜ்யம் போடும் வரைக்கும் இன்டரப்டை நிறுத்தி வைப்பது.

இந்த இரண்டு பைட்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி ஒரு மைக்ரோ நொடிக்கும் குறைவு. அதனால லேப்ல வராது, டெமோவில் வராது, ரிவ்யூவில் வராது. வீட்டு டேங்க்ல மாட்டி மூணு வாரம் கழிச்சு வரும். நீங்க தேட ஆரம்பிச்சா மறுபடி வராது. நான் கவனிக்கச் சொல்வது இதைத்தான்: இன்டரப்டை நிறுத்தினாலும் நிறுத்தலைன்னாலும் சி கம்பைலர் ஒரு வார்த்தை பேசாது. இரண்டுமே அதற்குச் சரியான புரோகிராம்தான்.

ரஸ்ட் எங்கிருந்து வந்தது

கிரேடன் ஹோர் என்ற கனடாக்காரர் மொசில்லாவில் வேலை பார்த்தபோது 2006-ல் சொந்த முயற்சியாக ஆரம்பித்த மொழி இது. பிறகு மொசில்லா இதற்கு ஆதரவு கொடுத்தது. 1.0 பதிப்பு 2015 மே 15 அன்று வந்தது. எம்பெடடைப் பொறுத்தவரை முக்கியமான வருஷம் 2018. அந்த டிசம்பரில் வந்த 1.31 பதிப்பிலிருந்து, சோதனைக் கம்பைலர் இல்லாமல் சாதாரண ஸ்டேபிள் கம்பைலரிலேயே மைக்ரோகன்ட்ரோலருக்கு எழுத முடிந்தது.

ஜாவா, பைதான் மாதிரி மொழிகள் மெமரியைப் பார்த்துக்க கார்பேஜ் கலெக்டர் வைத்திருக்கின்றன. புரோகிராம் ஓடும்போது கூடவே ஓடும் துப்புரவுப் பணியாளர் அது. ஊனோவில் மொத்த ரேமே 2 கிலோபைட். புளூ பில் போர்டில் 20 கிலோபைட். அங்கே அந்தப் பணியாளருக்கு இடம் இல்லை. ரஸ்ட்டில் கார்பேஜ் கலெக்டர் கிடையாது. மெமரி விதிகளைப் பெரும்பாலும் கம்பைல் பண்ணும்போதே சரிபார்த்துவிடும். அந்தச் சரிபார்ப்பு சிப்புக்குள்ள போறதில்லை. அதனாலதான் இது எம்பெடடுக்கு ஒத்து வருது.

மூன்று விதிகள், ஒரு ரெக்கார்டு நோட்டு

ரஸ்ட்டின் மொத்தக் கண்டிப்பும் மூன்று விதிகளில் அடங்கும். லேப் ரெக்கார்டு நோட்டை வெச்சு யோசிச்சா சட்டுனு புரியும்.

ஒன்று: ஒவ்வொரு மதிப்புக்கும் ஒரே ஒரு சொந்தக்காரர். நோட்டு உங்களுடையது. அதை இன்னொருத்தருக்கே கொடுத்துட்டா, அப்புறம் உங்க கையில் இல்லை. கொடுத்த பிறகும் நீங்க அதில் எழுதப் போனா கம்பைலர் நிறுத்தும்.

இரண்டு: இரவல் கொடுக்கலாம். சும்மா பார்க்கிறதுக்குன்னா எத்தனை பேர் வேணாலும் ஒரே நேரத்தில் பார்க்கலாம். எழுதுறதுக்குன்னா ஒரே ஒருத்தர். அவர் எழுதும்போது வேற யாரும் பார்க்கக்கூட முடியாது. ஏன்னா பாதி எழுதின வரியைப் பார்த்து காப்பியடிச்சா என்ன ஆகும்னு நமக்குத் தெரியும்.

மூன்று: நோட்டு இருக்கிற வரைக்கும்தான் இரவல். நோட்டையே தூக்கிப் போட்ட பிறகு இரவல் வாங்கினவர் கையில் எதுவும் மிச்சம் இருக்கக்கூடாது. சி-யில் டேங்ளிங் பாயின்டர் என்று படிப்பது இந்த விதி மீறப்படுவதைத்தான்.

இப்போ தண்ணீர் புரோகிராமைத் திரும்பப் பாருங்க. மெயின் லூப் பாதி படிச்சிட்டிருக்கும்போது இன்டரப்ட் எழுதுச்சு. அது இரண்டாவது விதி மீறல். 511 வந்தது அதனாலதான்.

அதே புரோகிராம், ரஸ்ட்டில்

சி-யில் பண்ணின மாதிரியே ஒரு குளோபல் வேரியபிள் வெச்சு ஆரம்பிப்போம். ரஸ்ட்டில் மாறக்கூடிய குளோபலுக்கு 'ஸ்டாட்டிக் மியூட்' என்று பெயர். அறிவிக்கலாம், ஆனா தொடும் ஒவ்வொரு இடத்திலும் 'அன்சேஃப்' என்ற பிளாக் போட்டே ஆகணும். "இங்கே விதிகளுக்கு நான் பொறுப்பு" என்று நீங்க கையெழுத்துப் போடுற மாதிரி. ப்ராஜெக்ட்ல பிழை வந்தா, முதல்ல அன்சேஃப் எங்கெல்லாம் இருக்குன்னு தேடினா போதும். சி-யில் அப்படித் தேட முடியாது, ஏன்னா மொத்த ஃபைலுமே அன்சேஃப்தான்.

கையெழுத்துப் போட வேண்டாம்னு, அடுத்து 'செல்' என்ற வகைக்குள்ள எண்ணை வெச்சு சாதாரண ஸ்டாட்டிக்கா அறிவிச்சுப் பார்ப்போம். கம்பைல் ஆகாது. 'இதை த்ரெட்களுக்கு நடுவே பாதுகாப்பாகப் பகிர முடியாது' என்ற பொருளில் எரர் வரும். "நம்ம புரோகிராம்ல த்ரெட்டே இல்லையே?"ன்னு தோணும். ஆனா இன்டரப்டும் ஒரு த்ரெட் மாதிரிதான். எப்போ வேணாலும் நடுவில் புகுந்து அதே மெமரியைத் தொடும். சி கம்பைலர் சொல்லாமல் விட்ட விஷயத்தை, போர்டை லேப்டாப்பில் செருகுறதுக்கு முன்னாடியே ரஸ்ட் சொல்லிடுச்சு.

சரி, வழி என்ன? இரண்டு இருக்கு.

முதல் வழி அட்டாமிக் வகை. ஒரே மூச்சில் நடக்கும், நடுவில் யாரும் புக முடியாது. அதில் 'ஸ்வாப்' என்று ஒரு செயல் இருக்கு. "பூஜ்யத்தை உள்ளே வை, பழையதை எடுத்துக் கொடு" என்பதை ஒரே அடியில் செய்யும். நம்ம இரண்டு சிக்கலும் ஒண்ணா தீர்ந்தது. புளூ பில்லில் இருக்கும் கார்டெக்ஸ் எம்3-ல் இது ஓடும். அதே கோடை ராஸ்பெரி பை பிகோவுக்கு கம்பைல் பண்ணினா எரர் வரும். பிகோவில் இருப்பது கார்டெக்ஸ் எம்0 பிளஸ். படிச்சு மாத்தி எழுதுறதை ஒரே மூச்சில் செய்ய வழி தரும் இன்ஸ்ட்ரக்ஷன்கள் அந்த பிராசஸரில் இல்லை. அதனால அந்த டார்கெட்டுக்கு ரஸ்ட் 'ஸ்வாப்' செயலையே கொடுப்பதில்லை. டேட்டாஷீட்டில் நாம தாண்டிப் போற ஒரு வரி இங்கே கம்பைலர் எரராக வந்து நிற்கிறது.

இரண்டாவது வழி கிரிட்டிக்கல் செக்ஷன். அதாவது இன்டரப்டை நிறுத்தி வேலையை முடிப்பது. சி-யிலும் இதுதான் தீர்வுன்னு மேலே பார்த்தோம். என்ன வித்தியாசம்னா, ரஸ்ட்டில் இன்டரப்டை நிறுத்தும் ஃபங்ஷன் உங்களுக்கு ஒரு டோக்கன் கொடுக்கும். எண்ணிக்கை ஒரு பூட்டுக்குள்ள இருக்கும். டோக்கனைக் காட்டினால்தான் பூட்டு திறக்கும். இன்டரப்டை நிறுத்த மறந்துட்டீங்களா? டோக்கன் இருக்காது. டோக்கன் இல்லைன்னா கம்பைல் ஆகாது. அந்த டோக்கனுக்கு மெமரியில் ஒரு பைட் கூட ஆகாது என்பதுதான் அழகு. அது கம்பைலருக்கு மட்டும் தெரியும் ஆதாரம். சிப்புக்குள் போவது இன்டரப்டை நிறுத்து, வேலையைச் செய், திரும்ப விடு என்ற வேலைகள் மட்டும்தான். பிகோவுக்கு இரண்டு கோர் இருப்பதால் அங்கே இன்டரப்டை நிறுத்துவது மட்டும் பத்தாது. அடுத்த கோரைத் தடுக்க ஒரு ஹார்டுவேர் பூட்டும் வேணும். அதை பிகோவுக்கான லைப்ரரி உள்ளுக்குள்ள பார்த்துக்கும்.

பின்னும் சொத்துதான்

இதே விதிகள் வேரியபிளுக்கு மட்டும் இல்லை, ஹார்டுவேருக்கும் பொருந்தும். எனக்கு ரஸ்ட் பிடிச்சுப்போன இடம் இதுதான்.

பொதுவா எம்பெடட் ரஸ்ட்டில், சிப்பின் பெரிஃபெரல்கள் முழுவதையும் புரோகிராமின் ஆரம்பத்தில் 'டேக்' என்று கேட்டு ஒரு தடவை வாங்கிக்கணும். இரண்டாவது தடவை கேட்டா 'இல்லை' என்று பதில் வரும். 5-வது பின்னை எல்இடி கோடுக்குக் கொடுத்துட்டா, அதே பின்னை எல்சிடி டிரைவருக்குக் கொடுக்க முடியாது. "இது ஏற்கெனவே போயாச்சு" என்று கம்பைலர் சொல்லும். குழு ப்ராஜெக்டில் இரண்டு பேர் தனித்தனியா எழுதின கோடை ஒட்டும்போது ஒரே பின்னை இரண்டு பேரும் பயன்படுத்தியிருப்பது எவ்வளவு சகஜம்!

இன்னொன்று: இன்புட் பின்னும் அவுட்புட் பின்னும் இரண்டு வேறு டைப். இன்புட்டாக இருக்கும் பின்னில் 'ஹை பண்ணு' என்று எழுதினால் அப்படி ஒரு செயலே இல்லை என்று எரர் வரும். முதலில் அவுட்புட்டாக மாற்றணும். மாற்றும்போது பழைய இன்புட் பின் உங்க கையைவிட்டுப் போயிடும். ரெஜிஸ்டரில் பிட் போட மறந்துட்டு "ஏன் எல்இடி எரியல?"ன்னு மல்டிமீட்டர் வெச்சுகிட்டு உட்கார வேண்டாம்.

ரஸ்ட் செய்யாதது

இங்கே நேர்மையா ஒன்று சொல்லணும். அட்டாமிக்கை வெச்சே, 'ஸ்வாப்' போடாமல், முதலில் படிச்சு அடுத்த வரியில் பூஜ்யம் வெச்சீங்கன்னா ரஸ்ட் சிரிச்ச முகத்தோட கம்பைல் பண்ணிடும். 511 வராது. ஆனா நடுவில் வர்ற பல்ஸ் காணாமப் போகும். முதல் வகைப் பிழைக்கு டேட்டா ரேஸ் என்று பெயர், அதை ரஸ்ட் தடுக்கும். இரண்டாவது ரேஸ் கண்டிஷன், அது உங்க யோசனையில் இருக்கிற ஓட்டை. அதை எந்தக் கம்பைலரும் அடைக்காது.

இது சும்மா வகுப்பறை வித்தியாசம் இல்லை. தெராக்-25 என்ற கதிர்வீச்சு சிகிச்சை மெஷின் 1985-க்கும் 1987-க்கும் நடுவில் அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆறு நோயாளிகளுக்கு அளவுக்கு மீறிய கதிர்வீச்சைக் கொடுத்தது. சிலர் இறந்தே போனாங்க. அசெம்பிளியில் எழுதிய அந்த மென்பொருளில் ஆபரேட்டர் வேகமாகத் திருத்தினால் வரும் நேரப் பிழை இருந்தது. இன்னொரு பிழை ஒரே ஒரு பைட்டில். பூஜ்யம் இல்லாத மதிப்பு இருந்தால் 'பாகம் சரியான இடத்தில் இருக்கிறதா என்று சரிபார்' என்று அர்த்தம். அதில் ஒரு நிலையான எண்ணை வைக்காமல் ஒவ்வொரு சுற்றுக்கும் 1 கூட்டிக்கொண்டே போனார்கள். ஒவ்வொரு 256-வது சுற்றிலும் அது பூஜ்யமாகிவிடும், சரிபார்ப்பு தாண்டப்படும்.

ரஸ்ட்டில் டீபக் பில்டில் இப்படி நிரம்பி வழிந்தால் உடனே 'பேனிக்' ஆகி நிற்கும். ஆனா ரிலீஸ் பில்டில் வழக்கமாக அந்தச் சோதனை இருக்காது, சி மாதிரியே பூஜ்யத்துக்குப் போயிடும். வேணும்னா கார்கோ ஃபைலில் ஒரு வரி சேர்த்து ரிலீஸிலும் அதை இயக்கலாம். தெரிஞ்சவங்களுக்குத்தான் இந்தப் பாதுகாப்பு.

பேனிக் ஆனா என்ன நடக்கணும் என்பதும் நம்ம கையில். இயங்குதளம் இல்லாத சிப்பில், பேனிக் ஹேண்ட்லர் என்ற ஒன்றை நீங்க கொடுக்காம புரோகிராம் முழுசா பில்ட் ஆகாது. நிறைய பேர் சும்மா அப்படியே நின்னுபோகும் ஹேண்ட்லரைப் போட்டுடுவாங்க. எல்இடிக்கு அது போதும். அந்த போர்டு ரிலே வழியா மோட்டாரை ஓட்டுதுன்னா? புரோகிராம் நின்னுடும், ரிலே ஆன்லயே இருக்கும், டேங்க் நிரம்பி வழியும். அதனால ஹேண்ட்லருக்குள்ள முதல் வேலை மோட்டாரை நிறுத்துவதா இருக்கணும். இந்தக் கேள்வியை ரஸ்ட் கட்டாயமாக்குது. பதிலை நாமதான் எழுதணும்.

எந்த போர்டு, என்ன வரிசை

மைக்ரோபிட் வி2: ஆரம்பிக்க எளிதானது. டீபக்கர் போர்டிலேயே இருக்கு, யூஎஸ்பி கேபிள் மட்டும் போதும். ரஸ்ட் எம்பெடட் குழுவின் இலவசப் புத்தகமான 'டிஸ்கவரி' இந்த போர்டை வெச்சே பாடம் நடத்துது.

பிகோ: 264 கிலோபைட் ரேம், இரண்டு கோர். பட்டனை அழுத்திக்கிட்டே செருகினா பென்டிரைவ் மாதிரி வரும், ஃபைலை இழுத்துப் போடலாம். இன்னொரு பிகோ இருந்தா அதையே டீபக்கரா மாத்திக்கலாம்.

புளூ பில்: கையில் ஏற்கெனவே இருந்தா நல்லது. எஸ்டி-லிங்க் தனியா வேணும்.

இஎஸ்பி32: இங்கே கொஞ்சம் கவனம். பழைய இஎஸ்பி32-ல் இருப்பது எக்ஸ்டென்சா கோர், அதற்குத் தனிக் கம்பைலர் நிறுவணும். இஎஸ்பி32-சி3-ல் ரிஸ்க்-வி கோர், வழக்கமான ரஸ்ட் கம்பைலரே போதும். புதுசா வாங்குறவங்க சி3 வாங்குங்க.

வரிசை இப்படி வெச்சுக்கலாம். முதல் இரண்டு வாரம் போர்டைத் தொடவே வேண்டாம். லேப்டாப்பிலேயே 'ரஸ்ட்லிங்ஸ்' என்ற பயிற்சித் தொகுப்பைச் செய்யுங்க. சொந்தம், இரவல் இரண்டும் கைக்குப் பழகணும். கம்பைலர் எரரோட ஹார்டுவேர் பிரச்சினையும் சேர்ந்து வந்தா வெறுத்துடும். மூன்றாவது வாரம் எல்இடி. நான்காவது வாரம் பட்டன் இன்டரப்ட், மேலே சொன்ன பூட்டும் டோக்கனும். அதற்கு அப்புறம் ஆர்டிஐசி அல்லது எம்பசி. இன்டரப்டுகளுக்கு நடுவே எதைப் பகிர்றோம்னு முன்கூட்டியே அறிவிக்க வைப்பது ஆர்டிஐசி. 'அசிங்க்' முறையில் பல வேலைகளைச் சேர்த்து ஓட்டுவது எம்பசி. இரண்டையும் முதல் நாளே எடுத்தா உள்ளே என்ன நடக்குதுன்னு தெரியாமப் போயிடும்.

லைப்ரரிகள் மாடி மாடியா இருக்கும். அடியில் ரெஜிஸ்டர்களை மட்டும் தரும் பிஏசி. சிப் தயாரிப்பாளர் தரும் எஸ்விடி ஃபைலிலிருந்து 'எஸ்விடி2ரஸ்ட்' என்ற கருவி அதை உருவாக்கும். அதற்கு மேலே பின், டைமர் என்று பேசும் ஹால். எல்லா சிப்பின் ஹாலுக்கும் பொதுவான ஒப்பந்தம் 'எம்பெடட்-ஹால்', அதன் 1.0 பதிப்பு 2024 ஜனவரியில் வந்தது. இந்த ஒப்பந்தத்தை வெச்சு எழுதின சென்சார் டிரைவர் பிகோவிலும் ஓடும், எஸ்டிஎம்32-லும் ஓடும்.

பிளேஸ்மென்டுக்கு உதவுமா?

சி கட்டாயம் வேணும். அதில் மாற்றமே இல்லை. சிப் கம்பெனிகள் தரும் லைப்ரரிகள் பெரும்பாலும் சி-யில்தான். ஏற்கெனவே ஓடிக்கிட்டிருக்கிற கோடும் சி-தான். அதிகம் புழங்காத சிப்புகளுக்கு ரஸ்ட் ஹால் பாதியிலேயே நிற்கும். லினக்ஸ் கெர்னலில் 2022 டிசம்பரில் வந்த 6.1 பதிப்பிலிருந்து ரஸ்ட் இடம் பிடிச்சிருக்கு. ஆனா கெர்னலின் மிகப் பெரும்பகுதி இன்னும் சி-யில்தான் இருக்கு.

அப்போ எதுக்கு? ரஸ்ட் கத்துக்கிட்ட பிறகு நீங்க சி எழுதுற விதம் மாறும். இன்டர்வியூவில் "வாலடைல் எதுக்கு?"ன்னு கேட்டா மனப்பாடப் பதில் வராது, 511 கதை வரும். சி கம்பைலர் கேட்காத கேள்விகளை நீங்களே கேட்டுக்க ஆரம்பிப்பீங்க. இப்போ கையில் இருக்கும் சி ப்ராஜெக்டைத் திறந்து, இந்த நாலு கேள்வியைக் கேட்டுப் பாருங்க:

1. எந்தெந்த குளோபல் வேரியபிளை இன்டரப்டும் மெயினும் சேர்ந்து தொடுது?
2. அதைப் படிக்க உங்க சிப்புக்கு எத்தனை இன்ஸ்ட்ரக்ஷன் ஆகும்?
3. படிக்கிறதுக்கும் மாத்துறதுக்கும் நடுவில் இன்டரப்ட் வந்தா எது தொலையும்?
4. புரோகிராம் பாதியில் நின்னா அவுட்புட் பின்கள் எந்த நிலையில் நிக்கும்?

வீட்டுப்பாடம்

ஃப்ளோ சென்சர் இல்லைன்னா ஒரு சிக்னல் ஜெனரேட்டரோ, பல்ஸ் அனுப்புற இன்னொரு போர்டோ போதும். ஊனோவில் மேலே சொன்ன சி புரோகிராமை, இன்டரப்டை நிறுத்தாமல் எழுதுங்க. வெளியே சரியா 10 லட்சம் பல்ஸ் அனுப்புங்க. கடைசியில் 'மொத்தம்' எவ்வளவு காட்டுதுன்னு குறிச்சு வைங்க. 'மொத்தம்' மட்டும் 32 பிட்டா இருக்கட்டும், இல்லைன்னா அதுவே நிரம்பி வழிஞ்சிடும். மெயின் லூப்பில் 10 நொடி காத்திருக்காம தொடர்ந்து படிச்சு பூஜ்யம் போட வெச்சா பிழை சீக்கிரம் கண்ணுக்குத் தெரியும். அப்புறம் இன்டரப்டை நிறுத்தி அதே 10 லட்சம். அதற்கும் அப்புறம் பிகோவிலோ மைக்ரோபிட்டிலோ ரஸ்ட்டில் எழுதிப் பாருங்க, டோக்கன் இல்லாமல் முதலில் முயற்சி பண்ணி. கம்பைலர் எந்த வரியில் நிறுத்துதுன்னு பாருங்க. ஊனோவில் உங்க கணக்கு தப்பின வரியும் அதேதானா என்று ஒப்பிட்டுப் பாருங்க.